மூன்றாம் வகுப்பில் ஒரு சட்டி நெருப்பு

ரயிலில் ஏறுகிறவர்கள் எதைக் கூடக் கொண்டுவரலாம், எதைக் கொண்டுவரக்கூடாது என்று தம்பானூர் ஸ்டேஷனில் ஒரு பலகை நட்டுவைத்திருந்தார்கள். இங்கிலீஷிலும் மலையாளத்திலும் எழுதியிருக்கும். திருவனந்தபுரத்தில் இரண்டையும் வாசிக்கத் தெரியாதவர்கள் குறைவு. வாசித்தபடி நடந்தவர்கள் அதைவிடக் குறைவு. அந்தப் பலகையின் காலிலேயே பலாப்பழத்தைச் சாய்த்து வைத்துவிட்டு வண்டிக்குக் காத்திருப்பார்கள்.

ரயில் என்றால் எனக்கு ஜன்னல். மற்றவர்களுக்கு அது சக்கரம் வைத்த பரண். வீட்டில் எதை எங்கே வைப்பது என்று தெரியவில்லையோ அதை ரயிலில் ஏற்றி எங்கேயாவது கொண்டுபோவார்கள். வெண்கல உருளி ஏறும். அதைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஒரு மாமி ஏறி உட்காருவாள். நேந்திரங்குலை ஒன்று ஜன்னல் வழியாக உள்ளே வரும். அதைப் பிடித்துக்கொண்டே ஒரு குழந்தையும் வரும். மரச்சீனிக் கிழங்கு மண்ணோடு வரும். புனலூருக்குப் போகும் கோழிகள் கால் கட்டப்பட்டு, பெஞ்சுக்கு அடியில் தலைகீழாக உலகத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். மழை நனைத்த பச்சையும், தென்னை விட்டுத் தென்னைக்குத் தாவும் வெயிலும், காயலின் மேல் யாரோ நடந்து போன மாதிரி ஓடும் காற்றும் எனக்கு வேண்டும். எனக்குக் கிடைத்ததெல்லாம் எவனுடையதோ ஒரு டிரங்குப் பெட்டியின் மூலையும், அது என் முழங்காலில் குத்துவதும்தான்.

இத்தனையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் ரயிலில் நெருப்பைக் கொண்டுபோக வந்தவரை ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். அவர் என் தங்கையின் மாமனார்.

திருக்கொச்சி என்று ஒரு ராஜ்ஜியம் இருந்த காலம். வலியசாலையில் எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு என் தங்கையின் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை கல்லிடைக்குறிச்சி, போஸ்ட் ஆபீசில் வேலை, வாய் திறந்து பேசினால் தபால் தலை கீழே விழுந்துவிடும் என்று பயப்படுகிறவர் மாதிரி இருப்பார். அவருக்குமாகச் சேர்த்து அவர் அப்பா பேசுவார். கல்யாணத்தில் வளர்த்த ஹோம அக்னியை மணமக்கள் கூடவே புக்ககத்துக்குக் கொண்டுபோய், அங்கே அணையாமல் வைத்து, அதில் தினமும் ஔபாசன ஹோமம் செய்ய வேண்டும் என்பது பழைய முறை. முறை தெரியாதவர்கள் எங்கள் தெருவில் யாரும் இல்லை. ஆனால் அந்த முறையைச் செய்கிறவர்களும் அந்தத் தெருவில் அநேகமாக இல்லாமல் போயிருந்தார்கள். பக்கத்துத் தெருவுக்குப் போகிற பெண்ணோடு சட்டியில் நாலு கங்கு போகும், மறுநாள் அது சாம்பலாகும், யாரும் விசாரிக்கமாட்டார்கள்.

சம்பந்தி விசாரிக்கிற ஜாதி. அவருடைய அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் கல்யாண அக்னி வில்வண்டியில் வந்ததாம், ஒரு பொழுதும் அணைந்ததில்லையாம். அவர்களுக்கெல்லாம் பெண் எடுத்தது அம்பாசமுத்திரத்திலும் விக்கிரமசிங்கபுரத்திலும். ஆற்றைத் தாண்டினால் வீடு. இவர் பெண் எடுத்ததோ மலைக்கு இந்தப் பக்கம், கொல்லம் போய்ப் புனலூர் போய்ச் செங்கோட்டை தாண்டித் தென்காசியில் வண்டி மாறிப் போகவேண்டிய தூரத்தில். அதை அவர் ஒரு வித்தியாசமாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

"வில்வண்டியில வந்தது ரயில்வண்டியில வராதோ?" என்றார்.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் கூடத்தில் எல்லோரும் கேட்க இன்னொன்றும் சொன்னார். வழியில் அக்னி அணைந்துபோனால் அது நல்லதுக்கில்லை. அப்படியானால் பெண்ணை உங்களாத்திலேயே விட்டுவிட்டுப் போவேன். பிராயச்சித்தம் பண்ணி, மறுபடியும் ஒரு நல்ல நாள் பார்த்துத்தான் அழைத்துப்போவேன். இதை அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை. மழை வந்தால் குடை எடுக்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். கல்யாணமான பெண் புருஷன் ஊருக்கு ரயிலேறப் போய், ரயிலேறாமல் அதே தெருவுக்குத் திரும்பி வந்தால் என்ன ஆகும் என்று வலியசாலைக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒருத்தி அப்படித்தான் 'நல்ல நாள் பார்க்கிறவரைக்கும்' பிறந்தகத்தில் இருந்தாள். நான் நிக்கரிலிருந்து வேட்டிக்கு மாறிய பிறகும் மொட்டை மாடியில் வடாம் காயவைத்துக்கொண்டிருந்தாள். ஏன் திரும்பினாள் என்கிற காரணம்கூட எல்லோருக்கும் மறந்துவிட்டது. அவள் மட்டும் இருந்தாள்.

தங்கை அன்று சமையலறை வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கையில் மருதாணி இன்னும் சிவப்பாக இருந்தது. உள்ளே போய்விட்டாள்.

காலையில் குதிரைவண்டி வந்தது. புது மண்சட்டி, அடியில் உமி, நடுவில் வரட்டி, அதற்குள் கங்கு. அதன்மேல் ஓட்டைபோட்ட இன்னொரு சட்டி கவிழ்த்திருந்தது. அடியில் ஈரச் சாக்கை மடித்து வைத்து, சம்பந்தி சட்டியைத் தன் மடியில் ஏந்திக்கொண்டார். கைக்குழந்தையோடு போகிறவர்கள்கூட அப்படிப் பிடித்துக்கொள்ளமாட்டார்கள். புகை பின்னாலிருந்து குதிரையின் மூக்குக்குப் போயிற்று. குதிரை கிள்ளிப்பாலத்தில் நின்றது. மேட்டுக்கடையில் நின்றது. தம்பானூர் வளைவில் பின்னங்காலால் வண்டியை ஒரு தட்டுத் தட்டியது.

"ஸாமி, அத இறக்கி வெச்சா இவன் ஓடும். இல்லாட்டி நம்மளத் தள்ளிட்டு இவன் மட்டும் ஓடும்," என்றான் வண்டிக்காரன்.

"நீ ஓட்டுடா. குதிரைக்கும் நல்லதுதான் இந்தப் புகை," என்றார் சம்பந்தி.

பின்வண்டியில் வந்த அவர் சம்சாரம் ஸ்டேஷனில் இறங்கியதும் என் அம்மாவிடம், "பாத்தேளா, எனக்கு இதே கதைதான். சாமான் ஏறித்தா, மனுஷா ஏறினாளான்னு கேக்கமாட்டார். நெருப்பு நெருப்புன்னு ஊரைக் கூட்டிண்டிருப்பார்," என்று முணுமுணுத்தாள். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சம்பந்தி வீட்டைப் பற்றிச் சம்பந்தியம்மாள் சொன்னாலும் நாம் சிரிக்கக்கூடாது. அதுவும் ஒரு முறை.

வண்டி பிளாட்பாரத்தில் நின்றிருந்தது. மூன்றாம் வகுப்பில் எங்களுக்கு முன்னால் பலாப்பழங்கள் ஏறி இடம் பிடித்திருந்தன. சட்டியைத் தூக்கிக்கொண்டு சம்பந்தி படியில் ஒரு காலை வைத்தார். அப்போதுதான் ஸ்டேஷன் மாஸ்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தார்.

"ஸாமி. அது எந்தா?"

"அக்னி."

"எந்தது?"

"கல்யாண அக்னி. மாப்பிள்ளை பொண்ணோட வர்றது."

ஸ்டேஷன் மாஸ்டர் மேல்சட்டியைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே கங்கு அரைக்கண் திறந்து பார்த்தது. மூடிவிட்டு, கூடாது என்று கையை ஆட்டினார். "இது பற்றில்ல ஸாமி. தீ கொண்டு வண்டியில கேறப்படாது."

"ஏன்?"

"தீ ஆனதுகொண்டு."

அந்தப் பதிலில் குற்றம் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. சம்பந்தியால் முடிந்தது. பெட்டி ஜன்னலில் பீடி பிடித்துக்கொண்டிருந்த ஒருவரைக் காட்டி, "அவன் வாயில இருக்கறது என்ன?" என்றார்.

"பீடி."

"அது முனையில?"

"அது யாத்ரக்காரனோட வாயில உள்ளது. லக்கேஜ் அல்ல."

பீடிக்காரர் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று தெரிந்து மரியாதைக்குப் பீடியை வெளியே நீட்டிக் காட்டினார். சம்பந்தி திரும்பி எஞ்சின் பக்கம் கை நீட்டினார். அங்கே நீராவி, தூங்குகிற யானையின் மூச்சு மாதிரி விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. "அத்தனை பெரிய நெருப்பு முன்னால போறதே, அதுக்கு என்ன சொல்றீர்?"

"அது ரயில்வேயோட தீ. ஸாமியோடது அல்ல."

எனக்கு அந்த நிமிஷம் ஸ்டேஷன் மாஸ்டரைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. அடுத்த நிமிஷம் தங்கையைப் பார்த்தேன். புதுக் கூறைப்புடவையில் பிளாட்பாரத் தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். வண்டியைப் பார்க்கவில்லை, மாமனாரைப் பார்க்கவில்லை, சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் போவதா, வலியசாலைக்குத் திரும்புவதா என்பது அந்தச் சட்டிக்குள்தான் இருந்தது. கட்டிக்கொள்ளுகிற ஆசை போய்விட்டது.

அப்பா ஹஜூர் கச்சேரியில் முப்பது வருஷம் சர்க்கார் காகிதம் பார்த்தவர். எந்த ஆபீசிலும் ஒரு கதவு மூடினால் இன்னொரு கதவு வழியாக அதே காகிதம் உள்ளே போகும் என்பது அவர் கண்ட உண்மை. "சம்பந்தி, கோபப்படாதேங்கோ. பிரேக்வானில பார்சலா புக் பண்ணிடலாம்," என்றார்.

பார்சல் ஆபீசுக்குப் போனோம். அதாவது அப்பா, நான், சம்பந்தி, சட்டி. சம்பந்தியிடம் சட்டியைத் தராசில் வைக்கச் சொன்னார்கள். வைத்தார். அங்கிருந்த குமாஸ்தா பேனாவை மையில் தொட்டுக்கொண்டு, "சாதனம் எந்தா?" என்று கேட்டார். அப்பா இங்கிலீஷில் என்னவோ சொன்னார். குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து பார்த்தார். புகை அவர் கண்ணில் பட்டது.

"இது பெட்டியில வெச்சு அடைச்சு, ஆணி அடிச்சு, சீல் வெக்கணும்," என்றார் கண்ணைக் கசக்கிக்கொண்டு.

"மூச்சு முட்டிச் செத்துப்போயிடும்," என்றார் சம்பந்தி.

"எங்கில் நல்லது. செத்தால் கொண்டுபோகலாம்."

அப்பா வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் ஆபீசிலிருந்து ஒரு காகிதமும் இல்லாமல் வெளியே வந்தார்.

எஞ்சின் ஒரு தடவை ஊதியது. எனக்குத் தாங்கவில்லை. கல்யாணத்துக்கு என்று எத்தனை பேர் காலில் விழுந்திருக்கிறோம், எத்தனை பேர் காபியில் சர்க்கரை சரியாக இருந்ததா என்று கேட்டிருக்கிறோம். இப்போது நாலு கங்குக்காக என் தங்கை தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "மாமா, சட்டியை இங்கேயே வெச்சுட்டுப் போனா என்ன? அங்கே போய் வேற அக்னி மூட்டிக்கலாமே," என்றேன். சம்பந்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உன் தங்கையை இங்கே வெச்சுட்டு அங்கே போய் வேற பொண்ணு பாத்துக்கலாம்னு சொல்லுவே போலிருக்கே," என்றார்.

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். தங்கை தூணை விட்டு நகர்ந்து இரண்டடி முன்னால் வந்து நின்றாள்.

இத்தனை நேரமும் எங்கள் சாஸ்திரிகள் அங்கேதான் இருந்தார். கல்யாணத்தை நடத்தி வைத்தவர், வழியனுப்ப வந்தவர். தோளில் துணிப்பை, வாயில் வெற்றிலை. வெற்றிலை என்றால் சாதாரண வெற்றிலை இல்லை, இரண்டு கன்னமும் உருண்டிருந்தது. ஸ்டேஷன் மாஸ்டரிடம் நடந்த வாதம் முழுவதையும் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு தரம் விரலைத் தூக்கினார். அவர் வெற்றிலைக்கு இடம் தேடுகிறார் என்று நினைத்தோம். பிளாட்பாரத்தில் துப்பினால் ஸ்டேஷன் மாஸ்டர் சும்மா விடமாட்டார், அதனால் பொறுத்திருந்திருக்கிறார். இப்போது தாங்காமல் பிளாட்பாரத்தின் கோடிவரை நடந்துபோய், தண்டவாளத்துக்கு அப்பால் துப்பி, குழாயில் வாயைக் கொப்பளித்து, அங்கவஸ்திரத்தால் துடைத்துக்கொண்டு, எஞ்சின் இரண்டாம் தடவை ஊதியபோது நிதானமாகத் திரும்பி வந்தார்.

"இதுக்கு என்னத்துக்கு இத்தனை பாடு? ஸமித்துல ஏத்திண்டா மதியே," என்றார்.

எல்லோரும் அவரைப் பார்த்தோம்.

விளக்கினார். தூர தேசம் போகிறவன் அக்னியைச் சட்டியில் சுமக்க வேண்டியதில்லை. மந்திரம் சொல்லி ஸமித்தை, அதாவது ஓர் அரசஞ்சுள்ளியை, அதில் காட்டினால் அக்னி அந்தச் சுள்ளிக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். போய்ச் சேர்ந்த இடத்தில் சாதாரண நெருப்பில் அந்தச் சுள்ளியைப் போட்டால் மறுபடியும் இறங்கிவிடும். எல்லாம் சாஸ்திரத்தில் இருக்கிறது.

"இதை நேத்தே சொல்லப்படாதா?" என்று அப்பா கேட்டார். அவர் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை.

"நீங்க கேக்கலையே. இவர் சட்டி, சட்டின்னார். சரி, சட்டியில பிரியம் போலிருக்குன்னு இருந்துட்டேன்."

சம்பந்தி ஒத்துக்கொள்ளவில்லை. அது வியாதிக்காரனுக்கும் தேசாந்திரிக்கும் சொன்னது. தன் வம்சத்தில் யாரும் சுள்ளியில் அக்னி கொண்டுவந்ததில்லை என்றார்.

"ஓய், நீர் தேசாந்திரம்தானே போறீர்? செங்கோட்டை வரைக்கும் இந்த ராஜ்ஜியம், அப்பறம் மெட்றாஸ் ராஜ்ஜியம். இதைவிட தேசாந்திரம் காசிக்குப் போனாத்தான் உண்டு," என்றார் சாஸ்திரிகள். பிறகு குரலைத் தாழ்த்தாமல் சொன்னார்: "இன்னொண்ணும் கேட்டுக்கொள்ளும். இது உம்ம அக்னி இல்லை. இவா ரெண்டு பேரோடது. இவா சரின்னா சரி."

மாப்பிள்ளை நிமிர்ந்தார். தன் அப்பாவைப் பார்த்தார். பிறகு என் தங்கையைப் பார்த்தார். அவள் தலையை அசைத்தாள். "ஏத்திக்கறோம்," என்றார். கல்யாணம் முழுவதிலும் மந்திரம் தவிர அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் வார்த்தை அதுதான்.

துணிப்பையில் ஹோமத்தில் மிஞ்சிய சுள்ளிகள் இருந்தன. இரண்டு சாமான் தள்ளுவண்டிகளுக்கு நடுவில், மூன்றாம் வகுப்பே ஜன்னலில் தொங்கிக்கொண்டு வேடிக்கை பார்க்க, மாப்பிள்ளை சட்டிக்கு முன்னால் கிழக்கே பார்த்து உட்கார்ந்தார். என் தங்கை தர்ப்பையால் அவர் தோளைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மந்திரம் பாதி எங்களுக்குக் கேட்டது, மீதியை எஞ்சின் கொண்டுபோயிற்று. சுள்ளி கங்கின் மேல் தயங்கி நின்றது. பச்சைக்கொடியைச் சுருட்டி வைத்துக்கொண்டு கார்டு வந்து எட்டிப் பார்த்தார். சாஸ்திரிகள் அவரிடம், "ஆச்சு, ஆச்சு. அவன் ஏறிண்டிருக்கான்," என்றார். கார்டு யார் ஏறுகிறார் என்று வண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

முடிந்தது. மாப்பிள்ளை சுள்ளியை என் தங்கையின் வலது கையில் கொடுத்தார்.

ஸ்டேஷன் மாஸ்டர் குனிந்து அதைப் பார்த்தார். "இதுல தீ உண்டோ?"

"உண்டு," என்றார் சாஸ்திரிகள்.

"கண்ணுக்குக் காணுமோ?"

"காணாது."

ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு நிமிஷம் யோசித்தார். "எங்கில் கொண்டு போய்க்கோ," என்றார். பிறகு ஆறிக்கொண்டிருந்த சட்டியைக் காட்டி, "அப்ப இதுல?" என்று கேட்டார்.

"அதுல இனி ஒண்ணுமில்லை. வெறும் கங்கு."

அது காதில் விழுந்த போர்ட்டர் ஒருவர் குனிந்து அதில் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். சம்பந்தியின் முகம் போன போக்கை நான் எழுதமாட்டேன். ராத்திரி முழுக்கக் கண்விழித்து வரட்டி வைத்த மனிதர் அவர். அவர்மேல் கோபம் இருந்தாலும் நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பெண்ணைக் கொண்டு விடுவது அண்ணனின் வேலை. அதனால் நானும் ஏறினேன். ஜன்னல் கிடைக்கவில்லை. எனக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு பலாப்பழம் இருந்தது. அதன் சொந்தக்காரி கொல்லத்தில் இறங்குவேன் என்றாள், கொல்லத்தில் புனலூர் என்றாள். வர்க்கலையின் செம்மண் மேடுகள் அந்த முள்ளுக்கு மேலே துண்டு துண்டாகப் போயின. காயல் ஒரு கணம் வெள்ளித்தாளைப் பிரித்துக் காட்டிவிட்டு மூடிக்கொண்டது. நான் எட்டிப் பார்த்தால் பலா கன்னத்தில் குத்தியது.

கொல்லம் தாண்டியதும் அம்மா கட்டிக்கொடுத்த இலைப்பொட்டலங்களைப் பிரித்தோம். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. தங்கை சாப்பிடவில்லை. வலது கையில் சுள்ளி; அதைக் கீழே வைக்கமாட்டாள், இடது கைக்கு மாற்றவும் மாட்டாள். இடது கையால் சாப்பிடமாட்டாள்.

"என் கையில கொடு, நீ சாப்பிடு," என்றேன்.

"வேண்டாம் அண்ணா."

"பசிக்கலையா?"

"பசிக்கறது. கொடுக்கமாட்டேன்."

மாப்பிள்ளை தன் பொட்டலத்தையும் மறுபடி மடித்து வைத்துவிட்டார். இரண்டு பேரும் பட்டினியாக, ஒரு விரல் நீளச் சுள்ளிக்குக் காவல். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் எனக்கும் அவளுக்குமாக இருந்த ஆறு இட்லியும் நானே சாப்பிட்டேன்.

சம்பந்தி எதிர் பெஞ்சில் இருந்தார். மடியில் சட்டி இல்லாததால் அவருக்குக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன், "குச்சி இருக்கா?" என்பார். "இருக்கு மாமா," என்பாள். குண்டறையில் கேட்டார். கொட்டாரக்கரையில் கேட்டார். புனலூரில் பலாவும் கோழிகளும் இறங்குகிற களேபரத்தில் எழுந்து நின்றே கேட்டார். அவர் சம்சாரம், "அவ என்ன தின்னுடுவாளா?" என்றாள். தென்மலைக்கு மேல் காடு பெட்டிக்குள்ளேயே வந்துவிட்டது. ஈரமும் இலைவாசனையுமாக, யாருடைய மூட்டையும் இல்லாத ஒரு காற்று. கடைசியில் எனக்கு ஜன்னல் கிடைத்தது. நான் தலையை வெளியே நீட்டவும் குகை வந்தது.

குகைக்குள் எல்லாம் போயிற்று. எஞ்சின் புகை முழுக்க மூன்றாம் வகுப்புக்குள் நுழைந்தது. எல்லோரும் இருமினார்கள். இருட்டில் இருமலுக்கு நடுவே அவர் குரல்:

"குச்சி?"

"இருக்கு."

வெளிச்சம் வந்தபோது அவர் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கொடும்மா. நான் வெச்சுக்கறேன். தென்காசியில வண்டி மாறணும், கூட்டமா இருக்கும். நீ சின்னப்பொண்ணு."

இதுதான் சமயம் என்று எனக்குப் பட்டது. கொடுத்துவிட்டால் தீர்ந்தது, அவள் கை ஓயும், அவரும் கேட்பதை நிறுத்துவார். ஆனால் கொடுத்துவிட்டால் இனி அந்த வீட்டில் எல்லாமே இப்படித்தான் கை மாறும் என்பது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். சுள்ளியை முந்தானை நுனியில் சுற்றிக்கொண்டாள். குரல் மெதுவாகத்தான் இருந்தது.

"உங்க கையில கொடுத்தா அது உங்களோடதா ஆயிடாதா மாமா? இவர் என்கிட்டதான் கொடுத்தார். ஆத்துக்குப் போய் நானே வெக்கறேன்."

மாமியார் ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்தாள். மாப்பிள்ளை தன் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தார். சம்பந்தியின் கை நீட்டியபடியே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அதைத் தன் முழங்காலில் வைத்துக்கொண்டார். செங்கோட்டையில் கேட்கவில்லை. தென்காசியில் வண்டி மாறும்போது, கூட்டத்தில் அவளுக்கு முன்னால் இரண்டு கையையும் அகட்டி வழி பண்ணிக்கொண்டே நடந்தார். அப்போதும் கேட்கவில்லை. அவர் கேட்டதைவிடக் கேட்காதது எனக்குப் பயமாக இருந்தது.

கல்லிடைக்குறிச்சியில் இறங்கியபோது வெயில் சாய்ந்து வயலெல்லாம் மஞ்சளாகிக் கிடந்தது. வீட்டு வாசலுக்கு வந்தோம். பெரிய பூட்டு தொங்கியது. வீட்டில் இருந்த அத்தனை பேரும் கல்யாணத்துக்கு வந்துவிட்டார்கள். அத்தனை பேரும் எங்களோடுதான் திரும்பி வந்திருந்தார்கள். திறந்து பார்த்தால் உள்ளே அடுப்பு ஜில்லென்று இருந்தது. சுள்ளியிலிருக்கும் அக்னி இறங்கச் சாதாரண நெருப்பு வேண்டும். சட்டியை நம்பியிருந்ததில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. தீப்பெட்டி இருந்தது. கல்யாண அக்னி தீக்குச்சியில் இறங்குவதா என்று சம்பந்தி அதைத் தொடவிடவில்லை. ஆரத்தி கரைத்து வைத்துக்கொண்டு மாமியார் வாசலில் நின்றாள். பசியும் புகையும் தூக்கமுமாக என் தங்கை படிக்கு வெளியே நின்றாள். கற்பூரம் ஏற்றக்கூட அந்தத் தீப்பெட்டியை அவர் விடவில்லை.

நான் திண்டாடிப்போனேன். பெட்டி படுக்கைகளுக்கு நடுவில் நின்று, திருவனந்தபுரத்தில் ஒரு சட்டி நிறைய இருந்ததை நினைத்துப் பல்லைக் கடித்தேன்.

சம்பந்தி அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு, கொல்லையிலிருந்து ஒரு கொட்டாங்கச்சியை எடுத்துவந்து, தெருவைக் குறுக்கே தாண்டி எதிர்வீட்டுப் படியில் நின்றார்.

"யாரு உள்ளே? ரெண்டு கங்கு குடுங்கோ."

எதிர்வீட்டு அம்மாள் இடுக்கியோடு வந்தாள். வாய் சும்மா இருக்கிற தெரு அல்ல அது. "என்ன அண்ணா, திருவனந்தபுரத்துலேர்ந்து அக்னி வரப்போறதுன்னு தெரு பூரா சொல்லிட்டுப் போனேள். இப்போ எங்காத்து அடுப்புக்கு வந்து நிக்கறேளே. எங்கே உங்க அக்னி?"

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அணைந்துபோச்சு, விட்டுட்டு வந்தாச்சு, பொண்ணாத்துக்காரா சரியா பண்ணலை என்று எதையாவது. அது அன்று இரவுக்குள் ஆற்றங்கரைவரை போய், என் தங்கையின் தலைமுறைக்கும் அங்கேயே இருக்கும்.

"மாட்டுப்பொண் கையில இருக்கு," என்றார் சம்பந்தி. "பத்திரமா இருக்கு. நீ கங்கைப் போடு."

இரண்டு கங்கு விழுந்தது. காற்றுக்கு மறுகையால் அணை கொடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டி வந்தார். குமுட்டி அடுப்பில் கொட்டி, குனிந்து தாமே ஊதினார். சாம்பல் அவர் புருவத்தில் ஏறியது. சிவந்ததும் ஒதுங்கிக்கொண்டு, "வாம்மா," என்றார். அவள் உள்ளே வந்து, மாப்பிள்ளை மந்திரம் சொல்ல, சுள்ளியை அதில் வைத்தாள். முதலில் புகைந்தது. அப்புறம் பற்றிக்கொண்டது.

கை காலியானதும் அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "அண்ணா, இட்லி ஏதாவது மிச்சம் இருக்கா?" என்று கேட்டாள்.

இல்லை. மாப்பிள்ளை தன் பொட்டலத்தை எடுத்து, யார் பக்கமும் பாராமல், அவளுக்குப் பக்கத்தில் வைத்தார்.